மனசுக்குக் கொஞ்சம் வெளிக்காற்று

(அறக்கட்டளை வளாகத்தில் நடந்த மாதாந்திரக் குடும்பநலக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பெண்களிடையே ஆற்றிய உரை. பேச்சு பெரும்பாலும் அவர் பேசியபடியே தரப்படுகிறது.)

பெரியவர்களே, ராத்தாமார்களே, என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்துவிட்டு இப்போது இடுப்பில் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருக்கிற என் மாணவிகளே, வெளி வராந்தாவில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிற நிர்வாகச் சகோதரர்களே!

"ராத்தா, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், அரை மணி நேரம் போதும்" என்றார்கள். என் வாழ்க்கையில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

என் இளைய மகன் சபுர் போய் அப்போது எட்டு மாதம். சவூதியில் வேலை. தினமும் இஷாவுக்குப் பிறகு பேசுவான். அன்றைக்கு அழைப்பு வரவில்லை. பதினொரு மணிக்கு நானே வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டியாம்மா" என்று எழுதினேன். ஒற்றை டிக். அங்கே மணி எட்டரைதானே, வேலையில் இருப்பான் என்று வைத்துக்கொண்டேன். பன்னிரண்டுக்கும் ஒற்றை டிக். ஒரு மணிக்கும் ஒற்றை டிக்.

அதற்குப் பிறகு என் தலைக்குள் ஓடியதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் வண்டி விபத்து. பிறகு போலீஸ் பிடித்துவிட்டது. பிறகு கம்பெனியில் சண்டை போட்டு வேலை போய்விட்டது, அதை என்னிடம் சொல்லப் பயந்து போனை அணைத்துவிட்டான். அதுவும் இல்லையென்றால், போன வாரம் அவன் கல்யாணப் பேச்சில் நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேனே, அந்தக் கோபம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் பின்னால் போய்விட்டேன். அவன் வாப்பா மௌத்தானபோது இவனை நான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்பது வரைக்கும் வந்தாயிற்று. அதற்குள் சுப்ஹு பாங்கு சொல்லிவிட்டார்கள்.

காலையில் மகன் கூப்பிட்டான். போன் கீழே விழுந்து திரை உடைந்துவிட்டதாம். அவ்வளவுதான் விஷயம். அந்த ராத்திரி அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் எனக்குத்தான்.

இதில் இன்னொன்றும் கவனியுங்கள். அவன் குரலைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு அரை மணி நேரத்துக்கு. அதன்பிறகு "புதுப் போன் வாங்கப் பணம் வைத்திருப்பானா" என்று அடுத்தது தொடங்கிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பிரச்சினை ஒற்றை டிக்கில் இல்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அரிசிதான் மாறுகிறது.

யோசிப்பது தப்பா? இல்லை. பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டும், கையில் இவ்வளவு இருக்கிறது, மீதிக்கு என்ன வழி என்று யோசித்தால் அந்த யோசனை ஒரு வேலையில் போய் முடியும். நகையை அடகு வைப்போம், அல்லது தவணை கேட்போம். முடிந்தது. ஆனால் அரைத்த மாவையே அரைக்கிற யோசனை எங்கேயும் போய் முடியாது. செக்கு மாடு மாதிரி, காலையிலிருந்து நடந்திருக்கும், ஊர் தாண்டியிருக்காது. சூசன் நோலன் ஹோக்ஸீமா என்று அமெரிக்காவில் ஒரு உளவியல் பேராசிரியை இருந்தார். 2013இல் இறந்துவிட்டார். தன் ஆய்வு வாழ்க்கையில் பெரும்பகுதியை இந்த ஒரு பழக்கத்துக்கே செலவழித்தவர். துக்கத்தை இது நீட்டுகிறது, மனச்சோர்வுக்குக் கொண்டுபோய் விடுகிறது, பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதெல்லாம் அவர் ஆய்வுகளில் வந்தவை.

நம் மார்க்கத்தில் இதற்குப் பேரே இருக்கிறது. வரப்போவதை நினைத்துக் கலங்குவது ஹம்மு. போனதை நினைத்து வருந்துவது ஹஸன். இந்த இரண்டிலிருந்தும் பாதுகாப்புத் தேடி ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அடிக்கடி துஆ கேட்டதை, அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அறிவித்திருக்கிறார்கள். புகாரியில் இருக்கிறது. உங்களில் பலருக்கு அந்த துஆ மனப்பாடம். ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்தீர்களா? கவலை வருவதே ஈமான் குறைவு என்றால் நபியவர்கள் ஏன் அதைக் கேட்க வேண்டும்?

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் ஒருத்தி தூக்கம் வரவில்லை, மனசு ஓயமாட்டேன் என்கிறது என்று சொன்னால் உடனே, "தவக்குல் இல்லை உனக்கு, அதான்" என்று சொல்லிவிடுகிறோம். பாவம், அவளுக்கு ஏற்கெனவே இருந்த கவலை பத்து. இப்போது "எனக்கு ஈமான் இல்லையோ" என்பது பதினொன்றாவது. இமாம் கஸ்ஸாலி ரஹ்மத்துல்லாஹி அலைஹியைவிடவா நமக்கு இல்ம் இருக்கிறது? 1095ஆம் வருஷம், பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் பெரிய பதவியில் இருந்தபோது, இதில் இருப்பதா, விட்டுவிட்டுப் போவதா என்று மாதக்கணக்கில் மனசு இழுபறியில் கிடந்து, கடைசியில் பாடம் சொல்ல நாக்கு எழவில்லை, சோறு இறங்கவில்லை. வைத்தியர்கள் இது மனசில் இருந்து வந்தது என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். தன் வரலாற்றைச் சொல்லும் கிதாபில் அவர்களே இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சென்னையில் இருக்கிற என் மகள் என்னிடம், "உம்மா, மைண்ட்ஃபுல்னஸ் என்று ஒன்று இருக்கிறது, செய்து பாருங்கள்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதாம். ஒரு ஆப்பும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு இரண்டு சிக்கல். ஒன்று, இது நம்முடையதா? விசாரித்தேன். பௌத்தர்களின் தியானப் பயிற்சியிலிருந்து மதச் சடங்குகளை நீக்கிவிட்டு, 1979இல் ஜான் கபாட் ஜின் என்பவர் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் தீராத வலி உள்ளவர்களுக்காக அமைத்த பயிற்சி. ஒளித்துப் பேச வேண்டியதில்லை, மூலம் அதுதான். ஆனால் அதில் உள்ள சரக்கு என்ன? இருக்கிற இடத்தில் மனசும் இருப்பது. அதற்கு நாம் வெளியே போய்க் கடன் வாங்க வேண்டாம். தொழுகையில் மனசு ஹாஜராக இருக்க வேண்டும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். படைப்பைப் பார்த்துச் சிந்திப்பதற்கு தஃபக்குர் என்று பெயர். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் அதற்கென்று தனிக் கிதாபே எழுதியிருக்கிறார்கள். நம் காலத்தில் சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரியும் இந்த தஃபக்குரை உளவியலோடு சேர்த்து ஒரு புத்தகம் எழுதினார். நான் ஆலிமா இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில் நடப்பதும் பார்ப்பதும் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. கண்ணை மூடினால் எனக்கு மூச்சு தெரியவில்லை, மகன்தான் தெரிந்தான்! வீட்டுக்குள் இருட்டில் கண்ணை மூடி உட்கார்வது, திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டின மாதிரி ஆயிற்று. சிலருக்கு அது ஒத்துவரலாம். எனக்கு வரவில்லை. ஆப்பை அழித்துவிட்டேன்.

மாற்றம் வந்தது தற்செயலாக. சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சுப்ஹு தொழுதுவிட்டுக் குளக்கரைக்குப் போனேன். அது ஆற்றுத் தண்ணீர் வந்து குளம் நிரம்பியிருந்த நேரம். முதல் நாள் கால்தான் நடந்தது, தலை வீட்டிலேயே இருந்தது. இரண்டு சுற்று முடிப்பதற்குள் சொத்துப் பிரிவினை விஷயமாக என் கொழுந்தனாரோடு மனசுக்குள் முழு வழக்கு நடத்தித் தீர்ப்பும் வாங்கிவிட்டேன். (சிரிப்பு) இப்படிப் பத்துப் பதினைந்து நாள்.

ஒரு நாள் படித்துறை ஓரத்தில் ஒரு மடையான் நின்றது. குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோமே, அதுதான். சேற்று நிறம். அங்கே இருப்பதே தெரியாது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கல் மாதிரி நிற்கிறது. எப்போது கொத்தும் என்று நானும் நின்றேன். கொத்தவே இல்லை. காலைக்கூட மாற்றவில்லை. பின்னால் யாரோ வாளியை வைத்த சத்தம் கேட்டதும் எழும்பிப் பறந்தது. பறக்கும்போது பார்த்தால் சிறகு முழுக்க வெள்ளை வெளேர்! அவ்வளவு வெள்ளையையும் உள்ளே மடித்து வைத்துக்கொண்டுதான் அந்தச் சேற்றில் சேறாக நின்றிருக்கிறது. "ஸுப்ஹானல்லாஹ்" என்று வாய் தானாகச் சொன்னது. எண்ணிக்கைக்காகச் சொன்னதில்லை அது.

அப்புறம்தான் கவனித்தேன். அந்த நேரம் முழுக்க மகனும் நினைவில் இல்லை, கொழுந்தனாரும் இல்லை. எவ்வளவு நேரம், ஐந்து நிமிஷம் இருக்குமா? வீடு திரும்பும் வழியிலேயே இரண்டு பேரும் திரும்ப வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் கிரைண்டருக்கு நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஏன் வெளியே? நான் யோசித்துப் பார்த்த வரையில், வீட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு பொருளும் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. அடுப்பு கேட்கிறது, துவைக்காத துணி கேட்கிறது, சுவரில் தொங்குகிற காலண்டர் சீட்டுப் பணம் கட்டுகிற தேதியைக் காட்டுகிறது, போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளமும் மடையானும் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. கண்ணுக்கு வேலை இருக்கிறது, மனசுக்குப் பாரம் இல்லை.

இதை ஆராய்ச்சியாகவும் செய்திருக்கிறார்கள். 2015இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒரு பகுதியினரைப் புல்வெளியும் மரங்களும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். மற்றவர்களை வாகனங்கள் ஓடுகிற பெரிய சாலையோரம் அதே 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். மரங்களுக்கு நடுவே நடந்தவர்களிடம் இந்த அரைத்த மாவை அரைக்கிற பழக்கம் குறைந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் தணிந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அப்படி இல்லை. மிகைப்படுத்தக் கூடாது, அந்த ஆய்வில் இருந்தவர்கள் 38 பேர்தான், நடந்தது ஒரே ஒரு நாள் நடை. இது வைத்தியம் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நமக்கு இது புதிதா என்றால், நம்முடைய ஐந்து நேரத் தொழுகையே வானத்தைப் பார்த்து அமைந்ததுதானே. கிழக்கே வெளிச்சம் குறுக்காகப் பரவினால் சுப்ஹு. சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். நிழல் நீண்டால் அஸர். சூரியன் மறைந்தால் மஃக்ரிப். மேற்கே செவ்வானம் கரைந்தால் இஷா. என் வாப்பும்மா முற்றத்துத் தூண் நிழல் எந்தக் கல்லைத் தொட்டால் அஸர் என்று அடையாளம் வைத்திருந்தார்கள். மாசத்துக்கு மாசம் கல் மாறும், அதுவும் தெரியும். இப்போது பள்ளிவாசலில் சிவப்பு எழுத்துக் கடிகாரம் இருக்கிறது, போனில் பாங்கு அடிக்கிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்த சமுதாயம், இப்போது ஐந்து தடவையும் தலையைக் குனிந்து போனைப் பார்க்கிறது. காஷியா சூராவில் ஒட்டகத்தையும் வானத்தையும் மலையையும் பூமியையும் பார்க்கவில்லையா என்று அல்லாஹ் கேட்கிற இடத்தை ஓதும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூண் நிழல் ஞாபகம் வரும்.

எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சுப்ஹுக்குப் பிறகு, அல்லது அஸருக்குப் பிறகு, இருபது நிமிஷம். போனை வீட்டில் வைத்துவிடுங்கள். அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இருபது நிமிஷத்தில் நாம் ஓடிப்போய் நிறுத்தக்கூடிய அவசரம் எத்தனை வந்திருக்கிறது இதுவரை? மெதுவாக நடங்கள். கால் தரையில் படுவது தெரியட்டும், மணலா, தாரா, சரளையா என்று. காது என்ன கேட்கிறது என்று பாருங்கள். செம்போத்து கூப்பிடும், தூரத்தில் பால்காரர் மணி கேட்கும், காற்று தென்னை ஓலையைத் தட்டும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பாருங்கள். ஒரு எறும்பு வரிசை போதும்.

நினைப்பு வரும். வரக்கூடாது என்று மல்லுக்கட்டாதீர்கள், மல்லுக்கட்டினால் அது இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வரும். வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி, "வந்தியா, இரு, அப்புறம் பேசலாம்" என்று விட்டுவிட்டுத் திரும்பக் காலுக்கு வாருங்கள். நூறு தடவை போனால் நூறு தடவை திரும்புங்கள். திரும்புவதுதான் பயிற்சி. திக்ர் செய்துகொண்டு நடப்பவர்கள் செய்யுங்கள், ரொம்ப நல்லது. ஆனால் இன்றைக்கு இவ்வளவு முடித்தாக வேண்டும் என்று அதையும் ஒரு கணக்காக்கி ஓடாதீர்கள். ஒரு தடவை சொன்னாலும் பார்த்துச் சொல்லுங்கள்.

வெளியே போக முடியாதவர்கள்? என் தங்கை இத்தாவில் இருந்தபோது நான்கு மாதம் பத்து நாளும் அவளுக்கு நினைப்பைத் தவிர வேறு துணை இல்லை. பழைய வீடு, முற்றம் திறந்த முற்றம். மஃக்ரிப் தொழுதுவிட்டு இஷா வரைக்கும் அந்த முற்றத்தில் பாயைப் போட்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். சிவப்பு கரைவது, முதல் நட்சத்திரம், பிறகு ஒவ்வொன்றாக. "முதல் நாள் அழுதுகொண்டே பார்த்தேன் ராத்தா, ஆனால் பார்த்தேன்" என்றாள். பிறை எந்த ராத்திரி எந்தத் தூணுக்கு மேலே வரும் என்று பின்னாளில் அவளே சொல்வாள். புது வீடுகளில் முற்றம் இல்லை, மொட்டை மாடி இருக்கிறது. துணி காயப்போட மட்டும்தானா மாடி?

இன்னொரு விஷயம். இருபது நிமிஷ நடை எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. ஒளு செய்துவிட்டு, கை நனையவில்லையோ என்று மறுபடி மறுபடி செய்து ஜமாஅத் முடிகிற வரை குழாயடியில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவைப் பூட்டினோமா என்று பத்துத் தடவை திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு பிடிக்கவில்லை, பிள்ளையைப் பார்த்தால்கூட ஒன்றும் தோன்றவில்லை, இருந்து என்ன பயன் என்று நினைப்பு வருகிறது. இதெல்லாம் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், 934இல் இறந்த அபூ ஸைத் அல் பல்கீ என்ற நம் அறிஞர் உடல் நலம், மன நலம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கிதாப் எழுதினார். அதில் கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் சொல்லியிருக்கிறார். வஸ்வாஸ் உள்ளவர்கள் தனியே அடைந்து கிடக்கக் கூடாது என்பது அவர் சொன்ன யோசனைகளில் ஒன்று. அந்தக் காலத்திலேயே இதைக் குறையாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்தவர்கள் நாம். இப்போதுதான் மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. மாத்திரை சாப்பிடுவதும் கட்டுவதுதான். அரசாங்கத்தின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றாலும் யாருக்காவது வேண்டியிருக்கும்.

கடைசியாக, வராந்தாவில் இருக்கிற சகோதரர்களுக்கு. இதைச் சொல்லத்தான் நான் ஒத்துக்கொண்டேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மனசு சரியில்லையென்றால் டீக்கடை இருக்கிறது, பள்ளிவாசல் திண்ணை இருக்கிறது, கடற்கரை இருக்கிறது. எங்களுக்கு எது இருக்கிறது? நான் குளக்கரையில் நடக்க ஆரம்பித்தபோது எனக்கு அறுபது வயசு, தெருவுக்கே டீச்சர். அப்படியும் "விடியக்காலையில் இது எங்கே போகுது" என்று காதில் விழுந்தது. அப்படியென்றால் இருபத்தைந்து வயசில், சபுராளி மாப்பிள்ளையோடு போனில் மட்டும் குடித்தனம் நடத்துகிற பிள்ளை எங்கே போவாள்? குளக்கரையில் ஒரு பக்கம் குப்பை, ஒரு பக்கம் நாய்.

நம் அறக்கட்டளைப் பள்ளிக்கூட மைதானம் சுப்ஹிலிருந்து எட்டு மணி வரைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. நான்கு பக்கமும் மதில், உள்ளே வேப்பமரம் ஏழு, புங்கமரம் இரண்டு. நான் எண்ணி வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை பெண்களுக்காக அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள். சாவியை நான் வாங்கிக்கொள்கிறேன், நானே பூட்டியும் தருகிறேன். பணம் எதுவும் கேட்கவில்லை. மரத்தடியில் உட்கார இரண்டு சிமெண்ட் பெஞ்சு யாராவது ஸதக்கத்துன் ஜாரியாவாகப் போட்டுத் தந்தால் மூட்டுவலிக்காரர்களுக்கு உதவும்.

வர விரும்புகிறவர்கள் போகும்போது வாசலில் இருக்கிற நோட்டில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பேச்சுத் துணைக்கு வருகிறவர்களும் வரலாம். ஆனால் முதல் இரண்டு சுற்று யாரும் பேசக்கூடாது, அது என் நிபந்தனை. டீச்சராக இருந்து பழகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்காகவும் என் மகனுக்காகவும் துஆ செய்யுங்கள். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.